தேனாரோவுக்குப் போகிற வழி

ஸ்காபரோவில் நாங்கள் முதலில் குடியிருந்தது ஒரு கிரேக்க மனுசியின் வீட்டு பேஸ்மண்டில். மேலே அவள், கீழே நானும் மகளும் மருமகனும். அவளுக்கும் எனக்கும் வயது ஒத்துத்தான் இருக்கும். ஆனபடியால் அவள் என்றே சொல்கிறேன், மரியாதைக் குறைவென்று யாரும் எடுக்க வேண்டாம். மரியாதை பார்க்கிறதில் அவளும் எனக்குக் குறைந்தவள் இல்லை.

நான் கனடாவுக்கு வந்தது என் விருப்பத்தில் இல்லை. மட்டக்களப்புப் பக்கத்தில் எங்கள் ஊரை ஆமிக்காரர் சுற்றி வளைத்த அன்று என் மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சங்கக்கடையில் சீனியும் மாவும் நிறுத்துக் கொடுக்கிற வேலை அவனுக்கு. யாருக்கோ நிறுத்துக்கொண்டிருந்தபோதே இழுத்துக்கொண்டு போனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு காம்ப் வாசலில் மற்றத் தாய்மாரோடு நானும் போய் நின்றேன். வெயிலிலும் நின்றேன், மழையிலும் நின்றேன். அப்படி ஒருவன் உள்ளே இல்லை என்பார்கள். பிறகு அடுத்த கிழமை வா என்பார்கள். இல்லாதவனுக்கு ஏன் அடுத்த கிழமை வரச் சொல்கிறார்கள்? நான் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மகள் கனடாவிலிருந்து டெலிபோன் எடுத்து எடுத்து அழுதாள். இங்கே வந்தால் வெளிநாட்டுக்காரர்களிடம் சொல்லி அவனை வெளியே எடுக்க வழி பார்க்கலாம், அங்கே நின்று ஒன்றும் ஆகாது என்றாள். அதை நம்பித்தான் எண்பத்தாறாம் ஆண்டு குளிர் தொடங்குகிற நேரம் வந்து இறங்கினேன். அவன் வெளியே வந்த மறுநாள் நான் திரும்பிப் போய்விடுவேன், என்னை ஒருவரும் மறிக்கக் கூடாது என்று மருமகனிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “சரி மாமி” என்றார்.

வீட்டுக்காரி எப்போதும் கறுப்புத்தான் உடுத்துவாள். கறுப்புப் பாவாடை, கறுப்புச் சட்டை, தலையில் கறுப்புத் துணி. புருஷன் செத்து எவ்வளவோ காலம், இன்னும் கழற்றவில்லை. நானோ வெள்ளைச் சேலை. பின்வளவில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கண்டால் மருமகனுக்குச் சிரிப்பு வரும். கறுப்புக் காயும் இருக்கு, வெள்ளைக் காயும் இருக்கு, தாம் ஆட்டத்துக்குப் பலகை மட்டும்தான் இல்லை என்பார்.

அவள் என்னைக் “கீரியா” என்று கூப்பிட்டாள். மருமகன் அதற்கும் பகிடி பண்ணினார், உங்களைக் கீரிப்பிள்ளை என்கிறா மாமி என்று. மகள்தான் விசாரித்துவிட்டு, அது அவர்களுடைய பாஷையில் பெரிய மனுசிகளைக் கூப்பிடுகிற சொல் என்றாள். எனக்கு அது பிடித்துக்கொண்டது. ஊரில் வயல்காரர் வீட்டம்மா என்று நாலு பேர் எழுந்து நின்ற ஆள் நான். இங்கே நிலத்துக்குக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். மேலே இருக்கிற ஒருத்தியாவது மரியாதையாகக் கூப்பிடுகிறாளே என்று இருந்தது.

அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும், எனக்கு அதிலும் கொஞ்சம். கையாலும் முகத்தாலும் பேசிக்கொள்வோம். மகள் வேலையில்லாத நாட்களில் இடையில் இருந்து சொல்லித் தருவாள். அந்த முதல் பனிக்காலத்தில்தான் வீட்டுக்காரி தன் நாட்டை எனக்குக் காட்டினாள். படம் ஒன்றும் கொண்டுவரவில்லை. இடது கையை மேசை விளிம்பில் வைத்து, விரல்களைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டாள். கிரேக்க நாட்டின் தெற்குப் பக்கம் இப்படித்தான் கடலுக்குள் விரல் விட்டுக்கொண்டு கிடக்கிறதாம். அதில் நடுவிரல் தன்னுடையது என்றாள். மற்ற விரல்களை ஆரோ பிறத்தியாருடையது மாதிரித் தள்ளிவிட்டாள்.

விரல் உள்ளங்கையோடு சேருகிற இடத்தில் ஒரு சமவெளி. அங்கே ஆறு ஓடுகிறது, தோடம்பழ மரம் நிற்கிறது, ஒலிவ் மரம் நிற்கிறது, ஸ்பார்ட்டா என்ற பழைய பட்டணம் இருக்கிறது. அந்தப் பக்கம் முழுவதுக்கும் லக்கோனியா என்று பேர். சமவெளிக்குப் பக்கத்தில் தாயெத்தோ என்று ஒரு மலை. வெயில்காலம் தொடங்கும்வரை உச்சியில் பனி உருகாது. அந்த மலைதான் விரலுக்குள் எலும்பு போகிறமாதிரி நுனி வரைக்கும் போகிறது. கீழே போகப் போக மண் குறைந்து கல் கூடும். அவளுடைய இடத்துக்கு மானி என்று பேர், அங்கே கல்லைத் தவிர வேறொன்றுமில்லை. ஆறில்லை, குளமில்லை. மழைத் தண்ணீரை வீட்டுக்கடியில் தொட்டி கட்டிச் சேர்த்து வைத்து வருடம் முழுக்கக் குடிப்பார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் ஒரு பிடி பார்லி விதைப்பார்கள். கடல் தாண்டப் போகிற காடைகள் அங்கே வந்து இளைப்பாறுமாம். அவற்றை வலை போட்டுப் பிடித்து உப்பிட்டு வைத்துச் சாப்பிடுவார்களாம்.

நானும் விட்டுக்கொடுக்கவில்லை. என் விரலை நீட்டி, இந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் வாவி, நடுவில் நாங்கள் என்று காட்டினேன். எங்களுக்குத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, அள்ளிக் கொட்டலாம் என்றேன். அவள் என் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தன்னுடையது நீளம் என்றாள்.

பனி போய்ப் புல் தலைகாட்டிய உடனே அவள் என்னைக் கீரை பிடுங்கக் கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் தெருவுக்குப் பின்னால் பெரிய கரண்ட் கம்பிகள் போகிற வெட்டவெளி இருந்தது. அங்கே மஞ்சள் பூப் பூக்கிற ஒரு கீரை பூக்க முன்னம் தளதளவென்று நிற்கும். வெள்ளைக்காரர் அதைக் களை என்று மருந்தடித்துக் கொல்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் குந்தியிருந்து கத்தியால் வேரோடு நெம்பிப் பையில் போடுவோம். அவள் அவித்து ஒலிவ் எண்ணெயும் தேசிக்காய்ப் புளியும் விட்டுத் தின்பாள். நான் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தேன். கைப்புத்தான், ஆனாலும் சோற்றோடு இறங்கியது. அவளுக்கும் கொடுத்தேன். நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு மூன்று தரம் தண்ணீர் குடித்தாள்.

கீரை பிடுங்கும்போதுதான் தன் ஊர்ப் பக்கம் போகிற வழியைச் சொல்லித் தந்தாள். ஸ்பார்ட்டாவில் பஸ் ஏறினால் முதலில் யீத்தியோ, அது துறைமுகம். பிறகு மலையைக் கடந்து அரியோப்போலி. அதற்கும் கீழே யெரோலிமேனா. அந்த இரண்டுக்கும் நடுவில் அவளுடைய ஊர். யெரோலிமேனா தாண்டினால் வாத்தியா. அங்கே ஒரு குன்றின் மேல் கோபுரம் கோபுரமாக வீடுகள், தென்னை உயரத்தில், சன்னல் என்று சொல்ல ஒரு துளை. முக்கால்வாசியும் பூட்டிக் கிடக்கிறதாம், ஆட்கள் எல்லாரும் டொராண்டோவிலும் அவுஸ்திரேலியாவிலும். வாத்தியாவுக்குப் பிறகு ஊர் இல்லை. விரலின் நகம் இருக்கிற இடத்தில் தேனாரோ. அதற்கப்பால் கடல்தான். அவள் ஒவ்வொரு பேராகச் சொல்ல நானும் திருப்பிச் சொன்னேன். எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு இல்லை, காதால் கேட்டதை வைத்திருக்கத் தெரியும். கொஞ்ச நாளில் ஸ்பார்ட்டாவிலிருந்து தேனாரோ வரைக்கும் மூச்சு விடாமல் சொல்லுவேன். பஸ் கண்டக்டர் வேலைக்குப் போகலாம் மாமி என்றார் மருமகன்.

மகளும் கூட வந்த ஒரு நாள், கோபுரம் எதற்கு என்று கேட்டேன். அக்கம்பக்கத்து வீட்டாரோடு சண்டை பிடிக்க என்றாள். ஒரு வேலிக்காக, ஒரு சொல்லுக்காக, ஒரு குடும்பம் மற்றக் குடும்பத்தை வருடக்கணக்காகச் சுட்டுக்கொண்டே இருக்குமாம். மற்றவனுடைய கூரையில் கல் போடவேண்டும் என்பதற்காகவே தன் கோபுரத்தை அவனுடையதிலும் உயர்த்துவார்களாம். பெண்களைச் சுடமாட்டார்கள். ஆனபடியால் சோறும் வெடிமருந்தும் கொண்டு போவது பெண்கள் வேலை. ஆண்பிள்ளை பிறந்தால் ஒரு துவக்குப் பிறந்தது என்பார்களாம். உன் வீட்டில் எத்தனை துவக்கு என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்பார்களாம். அதைச் சொல்லும்போது அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

நான் மகளிடம் சொன்னேன்: “எங்கட வீட்டில துவக்கு இருக்கல்ல, தராசுதான் இருந்த எண்டு சொல்லு புள்ள.”

மகள் அதைச் சொல்லிக் கொடுக்காமல் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

தேனாரோவில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரியைக் கேட்டேன். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள். அந்த முனையில் கடலோரமாக ஒரு குகை இருக்கிறது. செத்தவர்கள் கீழே போகிற வாசல் அதுதான் என்று மிகப் பழைய காலத்து ஆட்கள் நம்பினார்கள். பலசாலி ஒருவன் அதற்குள் இறங்கி, அங்கே காவலுக்கு நின்ற மூன்று தலை நாயை வெளியே இழுத்து வந்தானாம். பழைய சாமி ஒன்றின் கோயிலும் அங்கே இருந்தது. அதன் கல்லை எடுத்துத்தான் இப்போதுள்ள சின்னக் கிறிஸ்தவக் கோயிலைக் கட்டினார்களாம். சிறு பிள்ளையில் தகப்பனோடு வள்ளத்தில் போய் அந்தக் குகையைப் பார்த்திருக்கிறாள். ஆடு மழைக்கு ஒதுங்குகிற பொந்து, அவ்வளவுதான் என்றாள்.

“யமன்ட வாசல் இவ்வளவு சின்னனா?” என்று கேட்கச் சொன்னேன்.

எல்லாரும் தனித்தனியாகத்தானே போகிறார்கள், பெரிய வாசல் எதற்கு என்றாள்.

எங்கள் யமன் எருமையில் ஏறித் தானே வீட்டுக்கு வருவான், நாங்கள் நடக்கத் தேவையில்லை என்று நான் சொன்னேன். கொடுத்து வைத்தவர்கள் என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். இந்தக் கதையில் நாங்கள் சிரித்த இடம் அதுதான்.

அன்றைக்கே தன் குடும்பத்துப் பெண்களின் வழக்கத்தையும் சொன்னாள். பிணத்தைச் சுற்றி இருந்து பாடி அழுவது அவர்களிடமும் இருக்கிறது. அவள் அதில் பேர் போனவள், தாயிடம் எடுத்தது. நாங்கள் ஒப்பாரி வைக்கும்போது போனவனைத் திரும்பி வா என்று கூப்பிடுவோம். அவர்கள் வழியைச் சொல்லி அனுப்புவார்களாம். யெரோலிமேனா வந்துவிட்டது, நில்லாதே, வாத்தியா வந்துவிட்டது, திரும்பிப் பாராதே என்று ஊர் ஊராகச் சொல்லித் தேனாரோவில் கொண்டுபோய் விட்டால்தான் பாட்டு முடியும். கடலில் போனவன், வெளிநாட்டில் செத்தவன், உடம்பு கிடைக்காதவன் என்றால் அவனுடைய உடுப்பை மேசையில் விரித்து வைத்துப் பாடுவார்கள். டொராண்டோவில் ஒரு ஊர்க்காரரின் செத்தவீட்டில் அவள் வாயைத் திறந்திருக்கிறாள். செத்தவரின் பிள்ளைகள் அவளுக்கு ஏதோ சுகமில்லை என்று வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்தார்களாம். அதற்குப் பிறகு அவள் ஒருவருக்கும் பாடவில்லை.

வெயில்காலம் வந்த பிறகு ஒரு நாள் மேலே அவளுடைய குசினியில் இருந்து போஞ்சிக்காய் உடைத்துக்கொண்டிருந்தோம். மகளும் இருந்தாள். பேச்சு ஸ்பார்ட்டாவுக்குப் போனது. அந்தப் பழைய பட்டணத்துக்கு மதிலே இல்லையாம், ஆண்கள்தான் மதிலாம். ஒன்றும் கட்டாமல் சண்டை மட்டும் பிடித்தபடியால் இன்றைக்கு அங்கே பார்க்க ஒரு நல்ல கல்லும் இல்லை, படம் பிடிக்க வருகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு முகத்தை நிமிர்த்திக்கொண்டு அந்த ஊர்த் தாய்மாரைப் பற்றிச் சொன்னாள். மகன் சண்டைக்குப் போகும்போது தாய்தான் கேடயத்தை எடுத்துக் கொடுப்பாளாம். இதைக் கையில் பிடித்துக்கொண்டு வா, இல்லாவிட்டால் இதன்மேல் உன்னைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு வரட்டும் என்பாளாம்.

நான் போஞ்சியைக் கீழே வைத்தேன்.

“ரெண்டும் வராட்டி அந்தத் தாய் என்ன செய்த எண்டு கேளு,” என்றேன்.

மகள் கேட்கவில்லை. அம்மா விடுங்க என்றாள். கேள் என்றேன். அவள் குரலே இல்லாமல் கேட்டாள். வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு, அப்படிப்பட்ட தாய் அந்தக் கதையில் இல்லை என்றாள்.

நான் எழுந்து கீழே வந்துவிட்டேன். மகள் வரவில்லை. நான் சோறு வடித்து, கறியும் ஆறிய பிறகுதான் வந்தாள். கண் சிவந்திருந்தது. என்ன என்றேன். வெங்காயம் வெட்டிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாள்.

அந்த நாளுக்குப் பிறகு வீட்டுக்காரியின் போக்கு மாறியது. நான் மேலே போனால் இருந்த இடத்திலிருந்து எழுந்து நிற்பாள். சன்னலோரத்தில் ஒரு சாய்மானக் கதிரை இருந்தது, அவளுடைய புருஷன் இருந்த கதிரை, அதில் அதுவரை ஒருவரும் இருந்து நான் காணவில்லை. என்னைக் கையைப் பிடித்து அதில் இருத்தினாள். என்னை வழி சொல்லச் சொல்லி விளையாட்டுக் காட்டுவதையும் விட்டுவிட்டாள். தேனாரோ என்று நானாக எடுத்தாலும் வேறு கதைக்குப் போய்விடுவாள். நான் அதையெல்லாம் எனக்குரிய மதிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அவளை மடக்குகிற கேள்வி கேட்டேனே, அன்றைக்குத்தான் நான் எப்படிப்பட்ட ஆள் என்று விளங்கிக்கொண்டாள் என்று நினைத்தேன். மகளிடம் பெருமையாகவும் சொன்னேன், பார்த்தாயா, அந்நியத்தி என்றாலும் ஆள் அறிந்து நடக்கிறாள் என்று. மகள் ஓம் அம்மா என்றாள்.

ஊரிலிருந்து வரும்போது மகனுடைய சட்டைகளில் நல்லதாக இரண்டைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தேன். எங்கே வந்து இறங்கினாலும் அவனுக்கு முதலில் மாற்றிக்கொள்ள ஏதாவது வேண்டுமே. பேஸ்மண்டின் ஈரத்துக்குத் துணி பூஞ்சணம் பிடிக்கும். அதனால் இடைக்கிடை எடுத்துத் தோய்த்து, பின்வளவில் வீட்டுக்காரியின் கொடியில் போடுவேன். மருமகன் பருத்த ஆள், அவருடைய சட்டைகளுக்குப் பக்கத்தில் மகனுடையது பள்ளிக்கூடப் பிள்ளையின் சட்டை மாதிரித் தொங்கும். வீட்டுக்காரி அதை நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஆவணி மாதம் ஒரு நாள், மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டார்கள். சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு வந்து கொஞ்சம் சரிந்துவிட்டேன். மழைச் சத்தம் கேட்டு எழும்பி ஓடினால் கொடியில் ஒன்றும் இல்லை. மழை வந்தால் வீட்டுக்காரி எங்கள் துணியையும் எடுத்து உள்ளே போடுகிறவள்தான், வாங்கி வருவோம் என்று மேலே ஏறினேன். கதவு திறந்து கிடந்தது. உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது.

குசினி மேசையில் வெள்ளை விரிப்பு. அதன்மேல் என் மகனுடைய சட்டை. ஸ்திரிக்கை போட்டு, தெறி எல்லாம் பூட்டி, இரண்டு கையையும் நெஞ்சுக்குமேல் மடித்து வைத்திருந்தது. கழுத்து இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே ஒரு மெழுகுதிரி எரிந்தது. வீட்டுக்காரியும் அவளைப்போலவே கறுப்பு உடுத்த வேறு இரண்டு மனுசிகளும் சுற்றி இருந்தார்கள். வீட்டுக்காரி தலைத்துணியை அவிழ்த்திருந்தாள். அவளுடைய தலைமயிரை அன்றைக்குத்தான் கண்டேன். ஒரே இழுவையாகப் பாடினாள், மற்ற இருவரும் கடைசிச் சொல்லைப் பிடித்துத் திருப்பிச் சொன்னார்கள்.

என்னவோ சாமி கும்பிடுகிறார்கள், பிள்ளை வெளியே வரவேண்டும் என்று நேர்த்தி வைக்கிறார்கள் என்று நான் வாசலில் நின்றேன். கும்பிடக் கையையும் எடுத்தேன். அவளுடைய பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் பாட்டுக்குள் யெரோலிமேனா என்று கேட்டது. கொஞ்சம் பொறுத்து, வாத்தியா என்று கேட்டது.

அதற்குப் பிறகு வருவது என்னவென்று எனக்குத் தெரியும். அவளே சொல்லித் தந்தாள். வாத்தியாவுக்குப் பிறகு ஊர் இல்லை.

ஓடிப்போய்ச் சட்டையை இழுத்தேன். மெழுகுதிரி விழுந்து உருண்டது. மற்ற மனுசிகள் எழும்பிவிட்டார்கள். வீட்டுக்காரி எழும்பவில்லை, என்னைத் தடுக்கவுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வெறும் விரிப்பின் பக்கம் குனிந்து, பாட்டை விட்ட இடத்திலிருந்து கொண்டுபோனாள். நான் படியில் இறங்கிக்கொண்டிருக்கும்போது அந்தப் பேரைச் சொல்லி முடித்தாள். மேலே நிசப்தமாகிவிட்டது.

கீழே வந்து கட்டிலில் இருந்தேன். முதலில் கோபம்தான் வந்தது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்குச் செத்தவீடு செய்கிறாளே, பைத்தியக்காரி, மகள் வரட்டும், இன்றைக்கே வீடு மாறவேண்டும் என்று இருந்தது. அப்படியே இருக்க இருக்க வேறு யோசனை வந்தது. அவள் பைத்தியக்காரி இல்லை. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்கிறவளும் இல்லை. எழும்பி எழும்பி எனக்குக் கதிரை தந்தாளே, அது எதற்கு? எந்த நாளிலிருந்து? வெங்காயம் வெட்டிய நாளிலிருந்து.

மகள் வேலையால் வந்து சாப்பாட்டுப் பையை வைத்தாள். என் மடியில் சட்டையைக் கண்டாள். மேலே இருக்கிறவ ஏதும் சொன்னாவா என்று கேட்டாள்.

“அவ ஒண்டும் சொல்லல்ல. பாடின,” என்றேன். “எப்ப புள்ள உனக்குத் தெரியும்?”

அவள் நிலத்தில் இருந்துவிட்டாள்.

“நீங்க இங்க வாறதுக்கு முந்தியே, அம்மா.”

“ஆர் சொன்ன?”

“தம்பியோட ஒண்டா உள்ளுக்க இருந்த ஒராள். இப்ப மொன்றியல்ல இரிக்கார். அவர் கண்ணால கண்டவர்.”

எங்கே போட்டார்கள் என்று கேட்டேன். காட்டுப் பக்கம் கொண்டு போனதாம், இடம் ஒருவருக்கும் தெரியாதாம். என்ன நாள் என்று கேட்டேன். உள்ளுக்குள் இருந்தவர்களுக்கு நாள் கிழமை தெரியாது அம்மா என்றாள். எங்கள் ஆட்களில் ஒருவரிடம் சொன்னால் எப்படியும் என் காதுக்கு வந்துவிடும் என்று பயந்து எல்லாவற்றையும் நெஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறாள். தாங்க முடியாமல் போன நாளில், எங்கள் பாஷை தெரியாத ஒருத்திக்குச் சொன்னால் அது அங்கேயே கிடக்கும் என்று நினைத்திருக்கிறாள். பாவம், ஆளைத் தெரியாமல் சொல்லிவிட்டாள். பாடாமல் விட்ட பிணம் என்று ஒன்று இருக்கிறதென்று கேட்டால் சோறு இறங்காத ஒருத்தியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

நான் அழவில்லை. அழுகை வந்தால் தானாக வரவேண்டும், வரவில்லை. காம்ப் வாசலில் நான் நின்ற அந்தக் கிழமைகளை நினைத்தேன். மழை பெய்த ஒரு நாள் வாசல்காரனிடம் ஒரு பொட்டலம் கொடுத்தேன், உள்ளே கொடுத்துவிடு என்று. அவன் வாங்கினான். எதற்கு வாங்கினான்?

மருமகன் ஓரிரு நாள் கழித்து மெல்லமாகப் பேச்செடுத்தார். திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம் மாமி, லேக் கரைக்குப் போய் எள்ளும் தண்ணீரும் இறைக்கலாம், ஐயர் ஒருவர் வருவார் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

“அமாவாசை எல்லாருக்கும் பொது, தம்பி,” என்றேன். “என்ட புள்ள பொதுவில போற ஆளில்ல.”

பிறகு அவர் அதை எடுக்கவில்லை. நானும் மேலே போகவில்லை. வீட்டுக்காரி படியில் சாப்பாடு வைத்துவிட்டுப் போவாள். தட்டைக் கழுவி அதே படியில் நான் வைப்பேன்.

குளிர் திரும்பத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்வளவில் நானும் மகளும் நின்றபோது அவள் வந்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். மகளுக்குப் பக்கத்தில் நின்று, என்னைப் பார்த்தே பேசினாள். மகள் துண்டு துண்டாகச் சொல்லித் தந்தாள். கேட்காமல் செய்தது பிழை என்று அவளுக்குத் தெரியுமாம். ஆனால் அந்தச் சட்டை கொடியில் ஆடுகிறதைக் கண்டுகொண்டு அவளால் தன் குசினியில் நின்று சமைக்க முடியவில்லையாம். வழி சொல்லி அனுப்பாத பிள்ளை தாயின் வீட்டையே சுற்றிக்கொண்டு நிற்குமாம். அவன் செத்த இடத்துக்கு அவளுக்கு வழி தெரியாது, எங்கள் நாட்டு வழியும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒரு வழிதான், அதால் அனுப்பியிருக்கிறாள்.

நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அவன் மட்டக்களப்பைத் தாண்டி ஒரு இடமும் போகாதவன். கொழும்பையே காணாதவன். வாவியில் வள்ளம் ஏறினால் தலை சுற்றும் என்று பாலத்தால் சுற்றிப் போகிறவன். அவனை ஆற்றுத் தண்ணீரில்லாத ஒரு கல் நாட்டில் கொண்டுபோய் இறக்கி, கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் இடையில் தனியே நடக்க விட்டிருக்கிறாள்.

“அங்க அவன் ஆரிட்ட வழி கேப்பான் எண்டு கேளு,” என்றேன்.

மகள் கேட்டாள். அவள் அதற்கு உடனே பதில் வைத்திருந்தாள். தன் தாய் அங்கே இருக்கிறாள், பாட்டுக்குள் தாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள், இன்ன அடையாளத்தில் ஒரு பொடியன் வருவான், மெலிந்தவன், குகை வாசலில் நின்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டிருக்கிறாள்.

“அவவிர தாய்க்குத் தமிழ் தெரியுமா?”

மகள் என் முகத்தைப் பார்த்தாள். கேட்கத்தான் வேண்டுமா என்கிற பார்வை. நான் அசையவில்லை. அவள் கேட்டாள்.

வேலிக்கு அங்கால் யாரோ கார் ஸ்டார்ட் பண்ணிப் போனார்கள். வீட்டுக்காரி பொய்யாக ஒரு ஓம் சொல்லியிருக்கலாம், நானும் ஒருவேளை வாங்கியிருப்பேன். அவள் தலையைப் பின்னுக்குச் சாய்த்து நாடியை மேலே தூக்கி, நாக்கால் ஒரு சின்னச் சத்தம் வைத்தாள். அவர்களுடைய ஆட்கள் ‘இல்லை’ என்று சொல்வது அப்படித்தான்.